முதியோர் இல்லங்களில் கிறிஸ்தவ ஊழியம்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து முதியோர் இல்லங்களுக்குப் போய்வரும் எங்கள் சிறு குழுவில் சேர வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வருவதால் ஃபாதர், ஐயர் (சி.எஸ்.ஐ. போதகர்), பாஸ்டர் எல்லாம் கலந்தே வரும். பொறுத்துக்கொள்ளவும்.

அங்கே போய் என்ன செய்ய வேண்டும்? பாட்டா, ஜெபமா, பிரசங்கமா?

முதல் வேலை, திரும்பப் போவது. கிறிஸ்துமஸ் வாரத்தில் இல்லத்து வாசலில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. கேக், போர்வை, கீபோர்டு, தாத்தா வேஷம் என ஒரே நாளில் இரண்டு மூன்று சபைகள் வந்து இறங்கும். பொங்கல் முடிந்தால் ஒருவரையும் காணோம். உள்ளே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். புதிதாகப் போகிறவரைப் பார்த்து அவர்கள் மனதில் ஓடுவது ஒன்றுதான்: இவர் அடுத்த வாரமும் வருவாரா?

அதே கிழமை, அதே நேரம், அதே முகம். இது அமைந்துவிட்டால் பாட்டும் ஜெபமும் தானாக வந்து சேரும். முதல் மாதம் பிரசங்கம் கிடையாது என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறோம். அதைக் கேட்டதும் சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான்.

வியாழன் நாலு மணி என்று சொல்லியிருந்தால், மூன்றரைக்கே தலைசீவி, புடவை மாற்றி, நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வர முடியாமல் போனால் காலையிலேயே இல்லத்துக்கு போன் போட்டு, இன்னாரிடம் சொல்லிவிடுங்கள் என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லிவைத்தால் அது வார்டு வரை போய்ச் சேராது.

செட்டிநாட்டில் இதற்கு என்ன தனித் தேவை? எல்லா ஊரிலும் முதியவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஆனால் இங்கே பிள்ளைகள் கடல் தாண்டுவது நேற்று வந்த வழக்கம் இல்லை. பர்மா, மலேயா, சிலோன் என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போன காலத்தில் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனார்கள், பெண்களும் பெரியவர்களும் வளவில் இருந்தார்கள். அன்று வீட்டில் கூட்டம் இருந்தது. இன்று முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் பூட்டிக் கிடக்க, பின்கட்டில் ஒரு அறையில் ஒரு ஆச்சியும் வாட்ச்மேனும் மட்டும் இருக்கும் வீடுகள் கானாடுகாத்தானில் உண்டு, கொத்தமங்கலத்தில் உண்டு. விழுந்து இடுப்பு முறிந்தால் அடுத்த இடம் இல்லம்தான்.

இது நகரத்தார் கதை மட்டுமில்லை. அந்த வீடுகளில் சமைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், ஆத்தங்குடிக் கல் பதித்தவர்கள், தேவகோட்டைப் பள்ளிகளில் பாடம் நடத்திய கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஆகியோரின் பிள்ளைகளும் இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோதான் இருக்கிறார்கள். ஒரே இல்லத்தில் முதலாளியம்மாவும் அவர் வீட்டில் இட்லி ஊற்றியவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பதுண்டு. அந்த இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்கிறவர், எந்தப் பக்கம் முதலில் திரும்பினோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் கவனிக்கிறார்கள்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?

நிறைய. "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்ற 71ஆம் சங்கீதத்தை எல்லோரும் சொல்வார்கள். மத்தேயு 25 ("வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்") தெரிந்ததே. ஆதிச் சபையின் முதல் நிர்வாகச் சண்டையே விதவைகளின் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியதுதான் (அப்போஸ்தலர் 6). அதைச் சரிசெய்யத்தான் ஏழு பேரை நியமித்தார்கள்.

நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் யோவான் 21:18. உயிர்த்த இயேசு பேதுருவிடம், இளவயதில் நீயே கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதிர்வயதில் கையை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார். பேதுரு எப்படிச் சாவார் என்பதைக் குறித்துச் சொன்னது அது; அடுத்த வசனமே அப்படி விளக்குகிறது. ஆனாலும் இல்லத்தில் ஆயாம்மா ஒருவர் ஒரு பெரியவரின் வேட்டியைச் சரிசெய்து வீல்சேரில் உட்காரவைப்பதைப் பார்த்தால் அந்த வசனம் வேறு மாதிரி கேட்கும். இஷ்டமில்லாத இடத்துக்கு வந்தவர்களிடம் "இங்கே நல்லாத்தானே இருக்கு, ஏசி எல்லாம் இருக்கே" என்று பேச்சைத் தொடங்காதீர்கள்.

திருச்சபை வரலாற்றில் இப்படிச் செய்தவர்கள் உண்டா?

பிரான்சில் ழான் ழுகான் என்ற பெண் 1839ஆம் ஆண்டு குளிர்காலத்தில், கண் தெரியாத, பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார். தான் பரணுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. முதியவர்களுக்குச் சோறு போட அவரே கூடையோடு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிறகு சபையை நிர்வகித்த குரு தன்னையே நிறுவனராகக் காட்டிக்கொண்டு அவரை ஓரங்கட்டினார். கடைசி இருபத்தேழு வருடங்கள் அவர் ஒதுக்கப்பட்டு வாழ்ந்து, 1879இல் இறந்தார். 2009இல் புனிதர் பட்டம் கிடைத்தது. முதியவர்களுக்காக உழைத்தவர் தாமே மறக்கப்பட்ட முதியவராக இறந்திருக்கிறார். இல்லத்துப் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், "அந்தச் சாமியாருக்கு யாரும் கேள்வி கேக்கலையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள். போப் பிரான்சிஸ் 2021இல் தொடங்கினார். டிசம்பரை விட்டுவிட்டு ஜூலையில் முதல்முறை போகலாம். கூட்டம் இருக்காது.

அனுமதி எப்படி வாங்குவது? எந்த நேரம் நல்லது?

நிர்வாகியை நேரில் பார்த்து, யார் யார், எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுங்கள். இருமல், சளி உள்ளவர் அன்று வரமாட்டார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நமக்கு வெறும் சளி, அவர்களுக்கு நிமோனியா.

நேரம்: காலை பத்தரை, அல்லது மாலை டீ முடிந்து நாலு மணி. சித்திரை வைகாசியில் பகல் இரண்டு மூன்று மணிக்குப் போவது இரண்டு தரப்புக்கும் தண்டனை. முக்கால் மணி நேரம் போதும்.

எப்படிக் கூப்பிடுவது? எல்லோரையும் பாட்டி, தாத்தா என்றால் போதாதா?

போதாது. நகரத்தார் பெண்மணிகள் ஆச்சி. மற்றவர்களில் அப்பத்தா என்றால் பூரிக்கிறவர்களும் உண்டு, அம்மா என்றால் போதும் என்பவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைத் தாத்தா என்று கூப்பிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது. அவர் கடைசிவரை சார்தான். டீச்சரும் அப்படியே. "இவங்க", "இந்த பெட்" என்று அவர்கள் தலைக்கு மேல் நர்ஸிடம் பேச வேண்டாம். "உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டு வருடக்கணக்காகியிருக்கும்.

உள்ளே பெரும்பாலும் இந்துக்கள். அவர்களோடு ஜெபிக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குழுவுக்குள்ளேயே இதில் சச்சரவு உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன்.

நாம் யார் என்பதை மறைக்க வேண்டாம். சர்ச்சிலிருந்து வருகிறோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஜெபத்துக்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்பது எளிதாக வரும்படி கேளுங்கள். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டால் படுக்கையில் இருப்பவர் என்ன சொல்வார்? அவரால் எழுந்து போக முடியாது. நடமாட முடிகிறவரிடம் வீட்டு வாசலில் நின்று பேசுவதும், எழ முடியாதவர் கட்டிலருகே நின்று பேசுவதும் ஒன்றாகாது. இந்த ஊழியத்தின் நேர்மை முழுக்க இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

ஜெபியுங்கள் என்று அவரே கேட்டால், சுருக்கமாக, அவர் சொன்ன காரியத்துக்காக மட்டும் ஜெபியுங்கள். பேத்தி பிரசவத்துக்காகக் கேட்டால் பேத்தி பிரசவம். அந்த ஜெபத்துக்குள் பாவம், நரகம், மனந்திரும்புதல் எல்லாவற்றையும் நுழைக்காதீர்கள். நெற்றியில் திருநீறு இருந்தால் அதைக் கலைக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கலாம். தலையில் கைவைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் எங்களோடு வருவதில்லை.

இன்னொன்று. ஒரு ஆச்சி தேவாரம் படிக்கச் சொன்னால்? பிள்ளையார்பட்டிக்கோ வயிரவன்பட்டிக்கோ போக முடியவில்லையே என்று அழுதால்? நமக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். போன் செய்து, "ஆச்சி ஏங்கிப்போய் இருக்காங்க, ஒரு நாள் பிரசாதத்தோட வந்து பார்த்துட்டுப் போங்களேன்" என்று சொல்லலாம். இது நம் வேலையா என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்கு ஆள் தேவை, நமக்கு ஆள் தெரியும். அவ்வளவுதான்.

அவர்களே ஞானஸ்நானம் கேட்டால்?

மனச்சாட்சிப்படி ஒரு மதத்தை ஏற்கவும் பின்பற்றவும் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு எல்லோருக்கும் உரிமை தருகிறது. முதியவருக்கும் அது உண்டு. அதே சமயம், தனிமையில் இருப்பவர் தன்னைப் பார்க்க வருகிறவர்களைத் தக்கவைத்துக்கொள்ள எதையும் சொல்வார். நீங்கள் கிறிஸ்தவர் ஆகாவிட்டாலும் வியாழக்கிழமை வருவோம் என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்த பிறகும் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் போதகரிடம் சொல்லுங்கள், குடும்பத்துக்கும் அவரே சொல்லட்டும். நினைவு தடுமாறியவர் விஷயத்தில் பேச்சே வேண்டாம். நினைவில்லாமல் கிடப்பவர் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு ஆத்துமா ஒன்று கிடைத்தது என்று சாட்சி சொல்வதை நான் ஊழியமாகவே எண்ணவில்லை.

மறதி நோய் உள்ளவர்களிடம் என்ன பேசுவது?

தொண்ணூறு தாண்டிய ஒருவர் கேட்பார்: "அப்பச்சி ரங்கூன்லேருந்து வந்துட்டாகளா?" ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தது 1942 மார்ச்சில். அதற்கு முன்னும் பின்னும் அப்பாவின் வரவுக்காகத் திண்ணையில் காத்திருந்த பிள்ளை இவர். "அப்பச்சி செத்து அம்பது வருஷமாச்சு ஆச்சி" என்று திருத்தினால் அந்தச் சாவை இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் அழுவார். பத்து நிமிடத்தில் மறந்து, மறுபடி கேட்பார். "நாளைக்கு வந்துடுவாக" என்பதும் பொய். நாங்கள் சொல்வது: "அப்பச்சி எப்படி இருப்பாக, ஆச்சி? வரும்போது என்ன கொண்டாருவாக?" பேச்சு அங்கிருந்து பெட்டி, பட்டு, பிஸ்கட் டின், கப்பல் என்று போகும். கேட்டுக்கொண்டிருங்கள்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதற்கும் இதுவே வழி. வீட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தெரு, கிணறு எந்தப் பக்கம்.

பெயரும் முகமும் போன பிறகும் சிறுவயதில் பாடிய பாட்டு மிஞ்சி நிற்பதைப் பார்க்கலாம். வாரக்கணக்கில் வாய் திறக்காத ஒருவர் பழைய கீர்த்தனையின் பல்லவியை எடுத்ததும் அனுபல்லவியை எடுத்துக்கொடுப்பார். அதனால் புதுப் பாட்டு வேண்டாம். அவர் பத்து வயதில் பாடியது எதுவோ அது. ஜெபமும் அப்படியே. இயேசு கற்பித்த ஜெபத்தைப் பரலோக மந்திரம் என்று சொல்லி வளர்ந்த கத்தோலிக்கப் பாட்டிக்கு அந்தப் பழைய வடிவம்தான் உதட்டில் வரும். வாசிப்பதற்கும் அவர்கள் வீட்டில் இருந்த வேதாகமம் எதுவோ அதையே கொண்டுபோங்கள். சி.எஸ்.ஐ. பெரியவருக்கு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", கத்தோலிக்கருக்கு "ஆண்டவரே என் ஆயர்". பாதி வரியில் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

காது கேட்காதவர்களிடம் மைக் வைத்துப் பேசலாமா?

மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இல்லத்துக்குள் வரவே கூடாது. காது மெஷின் போட்டவருக்கு அந்த இரைச்சல் வேதனை. கத்தினால் குரல் கீச்சென்று உயரும், முதுமையில் முதலில் போவது அந்த உயர்ந்த ஒலிதான். எதிரே, கண் மட்டத்தில் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி, தணிந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

நற்கருணை, எண்ணெய் பூசுதல் எல்லாம் நாங்களே கொடுக்கலாமா?

கத்தோலிக்க முறையில் நற்கருணையைப் பங்குத்தந்தையின் ஏற்பாட்டில், அதற்கென அனுமதி பெற்ற சிஸ்டரோ பொதுநிலையினரோ கொண்டுபோகலாம். நோயில் பூசுதல் குருவும் ஆயரும் மட்டுமே தர முடியும். சி.எஸ்.ஐ.யில் திருவிருந்துக்கு ஐயர் வர வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் யாக்கோபு 5:14 படி மூப்பர்களும் பாஸ்டரும் எண்ணெய் பூசுவார்கள். உங்கள் சபை வழக்கத்தை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தக் காலத்தில் நோயில் பூசுதலுக்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர், சாகக் கிடப்பவருக்குத்தான் கொடுப்பார்கள். ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் வந்தால், "எனக்கா சாமி?" என்று மிரள்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1972இல் சடங்கு புதுப்பிக்கப்பட்டது. முதுமையால் தளர்ந்தவர்களும் அதைப் பெறலாம். இதை முந்திய வாரமே பேசிப் புரியவைத்துவிட்டால் பயம் குறையும்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் விஷயத்தில் நர்ஸைக் கேட்காமல் எதுவும் வாயில் வைக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர், திராட்சை ரசம் போன்ற நீர்த்த பொருளே மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, அப்பத்தில் மிகச் சிறு துணுக்கு போதும். துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. அங்கே போதனையும் மருத்துவமும் ஒத்துப்போகின்றன.

தின்பண்டம் கொண்டுபோகலாமா?

சீப்புச்சீடையும் மணகோலமும் பல் இருப்பவர்களுக்கு. சர்க்கரை இருப்பவருக்குக் கந்தரப்பம் கொடுத்துவிட்டு நீங்கள் வந்துவிடுவீர்கள், இரவு ஊசி போடுவது நர்ஸ். யாருக்கு என்ன ஆகும் என்று சமையலறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பலருக்குப் பண்டத்தைவிட வெற்றிலை மேல்தான் கண். சிறு உரலில் டொக் டொக்கென்று இடித்து, பாக்கும் சுண்ணாம்பும் மசிந்து சிவந்ததைக் கட்டைவிரலால் வழித்து வாயில் ஒதுக்கிக்கொள்வதை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சத்தத்துக்கே பக்கத்துக் கட்டில் எழுந்து உட்காரும். டாக்டர்கள் வேண்டாம் என்பார்கள். அதை டாக்டருக்கே விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளைப் பார்த்தால் புத்தி சொல்லலாமா?

வேண்டாம். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்று வார்டில் பிரசங்கம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பது கைவிட்டவர்கள் அல்ல, கைவிடப்பட்டவர்கள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருக்காது, பிள்ளைகளைப் பழிப்பதாகத்தான் இருக்கும். கோலாலம்பூரில் இரண்டு வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகளும் உண்டு. உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான்.

பணம், சொத்து விஷயம்?

தள்ளியே இருங்கள். யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து, கைநாட்டு வைக்க உதவுவது, நகையை வைத்திருப்பது எதுவும் கூடாது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 67ஆம் பிரிவின்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் துணைக்கோ அந்த உயிலில் எழுதிய சொத்து செல்லாது. சட்டம் இல்லாவிட்டாலும் ஊர் வாய் போதும், உங்களோடு சேர்ந்து எல்லா ஊழியமும் கெடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கை இங்கே அடிக்கடி எழும் பிரச்சினை. மகன் இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வாங்கலாம். பாஸ்டரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்வது பெரிய வில்லங்கம்.

இல்லத்தில் யாரையாவது சரியாகக் கவனிக்கவில்லை என்று தெரிந்தால்?

படுக்கைப் புண், கட்டிவைத்த தடம், திடீரென்று மெலிவு, நம்மைப் பார்த்ததும் ஊழியரை ஓரக்கண்ணால் பார்ப்பது. இவற்றைக் கண்டால் ஜெபக் குறிப்பாக்கிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தேதி போட்டு எழுதி, முதலில் நிர்வாகியிடம் சொல்லுங்கள். பலன் இல்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, அல்லது மாவட்ட சமூக நல அலுவலர். பெரும்பாலான நேரம் கொடுமையைவிட ஆள் பற்றாக்குறைதான் காரணம். இரவில் இரண்டு ஆயாம்மாக்கள் ஒரு தளம் முழுக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கைவிடப்பட்டவர்களுக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இருக்கிறது. 60 வயதானவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வாய் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். பொறுப்பில் இருப்பவர் முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சொல்லி வழக்குப் போடச் சொல்ல வேண்டாம்; பெரும்பாலோர் பிள்ளை மேல் மனு எழுத மாட்டார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

போட்டோ எடுக்கலாமா? அவர்கள் சொன்னதை ஜெபக் குழுவில் பகிரலாமா?

கூடாது, இரண்டும். காரைக்குடியில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் "இன்னார் மருமகளோடு சமாதானமாக ஜெபிக்கவும்" என்று போட்டால், ராத்திரிக்குள் அது சிங்கப்பூர் போய் மருமகளிடமே வந்து நிற்கும். நைட்டியோடு, பல்செட் இல்லாமல் இருக்கும் ஒருவரின் படத்தைச் சபை ஆண்டறிக்கையில் போடுவதும் அதே ரகம்.

அவர்களால் திருப்பிச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, நாம் கேட்பதில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய நாள் இளைஞர்கள் ஓலையைக் கட்டாகக் கொண்டுபோய், சிலுவை மடிக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் ஓலைக் கொட்டான் முடைந்து பழகிய ஒரு ஆச்சி, அவர் கிறிஸ்தவர் இல்லை, ஓலையைப் பிடுங்கி ஈர்க்கை நகத்தால் கிழித்து எறிந்துவிட்டு, மூன்று மடிப்பில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். "இப்புடிப் புடி. இழுத்தா அவுராது." பிறகு பையன்கள் வரிசையில் நின்றார்கள். மறுநாள் கோயிலில் அந்தச் சிலுவைகளைத்தான் பிடித்தார்கள்.

பெயர்ப் பட்டியல் கொடுத்து, இவர்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்கலாம். செபமாலை சொல்ல நேரம் இருக்கிறவர்கள் அவர்கள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்கள் என்றால் மே மாதம் ரிசல்ட் கேட்பார்கள். சொல்ல மறக்காதீர்கள்.

திருநாட்களில் என்ன செய்யலாம்?

கேட்டதைச் செய்யுங்கள். பிப்ரவரி 4, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட நாள். ஓரியூர்ச் செம்மண் ஒரு பிடி கேட்பார்கள். இடைக்காட்டூர் திரு இருதயக் கோயிலுக்குப் போனால் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்வார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு, கணவரின் கல்லறை எங்கே, எந்த வரிசை என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் புல் பிடுங்கி, பூ வைத்து, திரி ஏற்றிவிட்டு வந்து சொல்லுங்கள். இதற்கு மட்டும் போட்டோ எடுக்கலாம். அவருக்குக் காட்டத்தான்.

ஒருவர் இறந்துவிட்டால்?

அதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எந்தப் பங்கு, எந்தச் சபை, கல்லறைத் தோட்டத்தில் குடும்ப இடம் உண்டா, ஞானஸ்நானச் சான்று யாரிடம், யாருக்கு முதலில் போன் செய்வது என்று ஒரு தாளில் எழுதி இல்லத்துக் கோப்பில் வைக்கலாம். ஊர்ப் பங்கில் பெயர் இல்லாதவர் இறந்த அன்று இடத்துக்காக அலைவது கொடுமை. சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு, அங்கிருந்து காரைக்குடி இரண்டு மணி நேரத்துக்குள். பிள்ளைகள் வரும்வரை குளிர்பெட்டி ஏற்பாடு, யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பது இரண்டும் நம்மால் முடியும். இறந்தவர் இந்து என்றால் அவர்கள் வழக்கப்படி நடக்கும். நாம் மாலையோடு போய் நின்றுவிட்டு வரலாம்.

காலியான கட்டிலில் ஒரு வாரத்துக்குள் வேறொருவர் வந்துவிடுவார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் போனவரைப் பற்றிப் பேசுங்கள். இல்லத்தில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

முதல் நாள் பையில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய எழுத்து வேதாகமம், பழைய பாட்டுப் புத்தகம், கை கழுவும் திரவம், முகக்கவசம், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி. கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதிப் பேரின் கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்கோடுதான் இருக்கும், துடைத்துக் கொடுத்தால் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நகவெட்டி வேண்டாம். சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை நர்ஸ்தான் வெட்ட வேண்டும். செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.